எந்தக் கையால் எழுதுவாள் என்று கேட்டார்கள்

என் தங்கை இருபத்தாறு வருஷம் சட்டை தேய்த்தவள். தையல் ஃபேக்டரியில் வெட்டி, தைத்து, பட்டன் வைத்து, நூல் பிசிறெல்லாம் கத்தரித்து முடித்த சட்டை கடைசியாக வந்து நிற்கும் மேசை அவளுடையது. அதற்குப் பிறகு அட்டைப்பெட்டிதான்.

அவளைப் பற்றி முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரி டீச்சரம்மா கேட்டார். கை கால் விழுந்தவர்களைத் திரும்பக் குளிக்க, உடுத்த, சமைக்க, வேலைக்குப் போகப் பழக்குகிற படிப்பு அவர்களுடையது. தொழில்வழிச் சிகிச்சை என்று பெயராம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஒரு கண்ணாடிக்காரப் பெண் எழுதுகிறாள். இந்தக் கதையில் அவளும் வருவாள், நல்லபடியாக வரமாட்டாள். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தேன்.

வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். அறுபதைத் தொடப்போகிறாள், இன்னும் எல்லோருக்கும் சின்னவள்தான். புருஷன் போய்ப் பல வருஷம். பிள்ளை கிடையாது. என் மகன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் தனியாக இருக்கிறாள். "எங்களோடு வந்து இருடி" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. "உன் பேரன் பேத்திங்க சத்தத்துல எனக்குத் தூக்கம் வராதுக்கா" என்பாள். அது சாக்கு. யார் வீட்டு மூலையிலும் அவள் உட்கார மாட்டாள்.

சின்னவள் பிறவியிலேயே இடதுகைக்காரி. கரண்டி, கத்தி, துடைப்பம், சீப்பு, சாவி எல்லாம் இடது கை. ஃபேக்டரியில் தேய்க்கிற மேசைகள் ஒரே வரிசை; மற்ற மேசைகளில் காலர், கைநுனிக் கஃப் என்று துண்டு துண்டாகத் தேய்ப்பார்கள், முழுச் சட்டை இவள் மேசையில்தான். ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு கம்பி ஓடும். நீராவி இஸ்திரிப் பெட்டியின் குழாய் அந்தக் கம்பியிலிருந்து வலது பக்கமாகத் தொங்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு கயிற்றால் அந்தக் குழாயை இடது பக்கம் இழுத்துக் கட்டினாள். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"ஏம்மா, இத்தனை பேரு ஒரு பக்கம், நீ மட்டும் ஒரு பக்கமா?"

"சட்டைக்கு அது தெரியாது சார். சட்டையப் பாத்துட்டுத் திட்டுங்க."

சட்டையைப் பார்த்தார். பிறகு திட்டவில்லை. மணிக்கு முப்பது சட்டை, காலரில் ஒரு சுருக்கம் இருக்காது.

அவள் வலது கையால் செய்தது ஒரே ஒரு காரியம். காலையில் உள்ளே போகும்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவாள். பள்ளிக்கூடம் போகாத எங்களுக்கு ஏது கையெழுத்து? கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவளிடம், வாசலில் வருகை பார்க்கிற டைம்கீப்பர், "மை துடைச்சே என் துணி போகுது, பேரப் போடக் கத்துக்கோ" என்று பேனாவை அவள் வலது கையில் திணித்து, தன் கையை அதன்மேல் வைத்து, ஒரு வாரம் வரைய வைத்தார். பேனா என்றால் வலது கை, அது அவருக்கு அப்படித்தான். இவளும் வாதாடவில்லை. எழுத்து தெரிந்தால்தானே எந்தக் கை என்று சண்டை போட? ஒரு படத்தைப் போடுவதுபோல் நாலு எழுத்தை வலது கையால் போட்டுவிட்டு, மேசைக்குப் போய் இடது கையால் பெட்டியை எடுப்பாள்.

ஒருநாள் காலை, மூன்றாவது சட்டையோ நாலாவதோ, பெட்டி கையை விட்டு நழுவியது. அடுத்த மேசைப் பட்டன்காரிதான் இவளைத் தாங்கிப் பிடித்தாளாம். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இடது பக்கம் முழுக்கச் செத்துக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிறவள்போல் பேசினாள். கால் பத்து நாளில் வந்துவிட்டது, வாத்து மாதிரி நடந்தாள். கை வரவில்லை.

ஃபேக்டரியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். மூன்று மாசம் மேசையை வைத்திருப்போம், அதற்குள் வேலை செய்ய முடியும் என்று ஆஸ்பத்திரிக் காகிதம் வர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். சின்னவள் படுத்தபடியே விரலை மடக்கி மடக்கி நாளை எண்ண ஆரம்பித்தாள். வலது கை விரலைத்தான். இடது கையில் ஒரு விரலும் மடங்கவில்லை.

ஐந்தாம் நாள் இந்தக் கண்ணாடிக்காரப் பெண் ஒரு ஃபாரத்தோடு வந்தாள். அப்போது அவள் படிக்கிற பிள்ளை. சின்னவளின் பேச்சு விளங்காததால் என்னைக் கேட்டாள்.

"பாட்டி, இவங்க எந்தக் கையால எழுதுவாங்க?"

"எழுதத் தெரியாதும்மா. எனக்கும் தெரியாது."

"கையெழுத்தாவது போடுவாங்கல்ல?"

"அது போடுவா."

"எந்தக் கை?"

"வலது."

கட்டத்தில் ஒரு குறி போட்டாள். அடுத்த கேள்விக்குப் போனாள். வேலை என்ன, குளியலறை உள்ளேயா வெளியேயா, படி எத்தனை, மாத்திரை யார் கொடுப்பது. நானும் சொன்னேன். படுக்கையிலிருந்து சின்னவள் என்னமோ சொன்னாள். "இரு, பேசிட்டிருக்கேன்ல" என்று நான்தான் அவளை அடக்கினேன். இதையும் எழுது. என்னை விட்டுவிடாதே.

மறுநாளிலிருந்து பயிற்சி. வலது கைக்கு! ஒரே கையால் பட்டன் போடுவது, ஒரே கையால் சீப்பு, ஒரே கையால் டம்ளர் கழுவுவது. இடது கையை ஒரு பட்டையில் மாட்டி, மடியில் குழந்தையைப்போல் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து நிமிஷம் அதை நீட்டி மடக்குவதோடு சரி. "நல்ல வேளை பாட்டி, உதவிக் கைதான் போயிருக்கு, முக்கியமான கை நல்லா இருக்கு" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். உதவிக் கை என்றால் என்ன, முக்கியக் கை என்றால் என்ன, யாருக்குத் தெரியும்? அடிபடாத கைதான் முக்கியக் கை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சின்னவளுக்குப் பேச்சுத் தெளிந்ததும் அவள் கேட்டாள். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"இந்தக் கைக்கு எப்பம்மா சொல்லித் தருவீங்க?"

"அது மெதுவா வரும். இப்ப இதைப் பழகுங்க."

என்னிடமும் கேட்டாள். "அக்கா, நீயாவது கேளேன். வேலை செய்யற கைய விட்டுட்டு வேற எதையோ பண்றாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்க படிச்சவங்கடி. உனக்குத் தெரியுமா, அவங்களுக்குத் தெரியுமா? சொன்னதச் செய்." இப்படிச் சொன்ன வாயை என்ன செய்வது. ஆறு வாரம் போனது. புதிதாக விழுந்த கைக்கு முதல் மூன்று மாசம்தான் நல்ல மாசம், அப்போது உழைத்தால் வருகிறதுபோல் பிறகு வராது என்று டீச்சரம்மா பின்னால் சொன்னார். அந்த மூன்று மாசத்தில் பாதி அது.

ஆறாவது வாரக் கடைசியில், வேலைக்குத் தகுதியா என்று பார்க்க ஒரு பரீட்சை வைத்தார்கள். ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் பொய்யாக ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு இஸ்திரிப் பலகை. பலகையை ஒரு பக்கம் திருப்பி வைத்து, பெட்டியை வலது ஓரத்தில் வைத்து, ஒரு துண்டை விரித்து, "தேய்ங்க பாக்கலாம்" என்றாள் இந்தப் பெண். பெட்டியில் இலேசான சூடுதான்.

சின்னவள் பலகையைப் பார்த்தாள். மெல்ல நடந்து சுற்றிக்கொண்டு, பெட்டி தன் இடது பக்கம் வருகிற மாதிரி அந்தப் பக்கம் போய் நின்றாள். பட்டையிலிருந்து இடது கையை எடுத்து, வலது கையால் அதைத் தூக்கிப் பெட்டியின் பிடிமேல் வைத்தாள். பெட்டி ஒரு விரற்கடை உயர்ந்தது. அவ்வளவுதான். தரையில் விழுந்து பிளாஸ்டிக் மூலை உடைந்தது. அந்தப் பெண் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏம்மா நல்ல கைய விட்டுட்டு அந்தக் கையால எடுக்கறீங்க? கால்ல விழுந்திருந்தா?"

சின்னவள் தரையில் கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் கையிலிருந்து பெட்டி விழுந்தது இரண்டாம் தடவை.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்துவிட்டது, ஃபேக்டரிக்கு அனுப்பப்போகிறோம் என்றார்கள். சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் நேரே அந்தப் பெண்ணின் மேசைக்குப் போனேன்.

"அதுல என்ன எழுதியிருக்க? படி."

"பாட்டி, அது மெடிக்கல் வார்த்தை. உங்களுக்குப் புரியாது."

"புரியுதா இல்லையான்னு நான் சொல்றேன். நீ படி. எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறதால காது கேக்காதுன்னு நெனச்சியா?"

படித்தாள். நோயாளிக்குத் தன் பலவீனம் உறைக்கவில்லை. பலமுள்ள கையைப் பயன்படுத்தச் சொல்லியும் பலவீனமான கையால் சூடான பொருளைத் தூக்குகிறார். தீர்மானிக்கும் திறன் குறைவு. சூட்டோடு செய்யும் வேலைக்குத் தகுதியில்லை. தனியாக வசிப்பதும் பாதுகாப்பல்ல.

என் தங்கைக்கு மூளை போய்விட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! மேசையும் போயிற்று, அறையும் போயிற்று.

"மேல இருந்து படி. மொத வரியிலேர்ந்து."

"பேரு, வயசு... ஆதிக்கக் கை வலது..."

"நிறுத்து. ஆதிக்கக் கைன்னா?"

"முக்கியமா வேலை செய்யற கை, பாட்டி."

"யாருக்கு?"

"உங்க தங்கச்சிக்குத்தான்."

"அவளுக்கு வலதுன்னு உனக்கு எவ சொன்னா?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே பாட்டி சொன்னீங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். கேட்டதற்குச் சரியாகச் சொன்னேன். அந்தச் சரியான பதிலால்தான் ஆறு வாரம் மண்ணாகப் போனது. என் மேல் வந்த கோபமும் சேர்ந்து அவள் மேலேயே போனது.

"எழுதற கையக் கேட்ட, எழுதற கையச் சொன்னேன். வேலை செய்யற கை எதுன்னு கேட்டியா? அவ ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுதறவ. மிச்ச நேரமெல்லாம் என்ன பண்றான்னு ஒரு வார்த்தை கேட்டியா? வேலை என்னன்னு கேட்ட, 'இஸ்திரி'ன்னு எழுதிக்கிட்ட. எப்படின்னு கேட்டியாடி?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. சின்னவளை எழுப்பி இழுத்து வந்தேன். அவள் வலது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டினேன்.

"இந்த வலது கையப் பாரு. இந்தத் தழும்பெல்லாம் என்னன்னு நெனச்ச? பெட்டிய ஒரு கை ஓட்டும், துணிய ஒரு கை இழுத்துப் பிடிக்கும். சூடு படறது துணி பிடிக்கற கையில. இத்தனை நாளா இந்தக் கைக்குத்தானே பட்டன் போடச் சொல்லிக் குடுத்த? ஒரு நாளாவது இதைப் பாத்தியா?"

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, கோடு கோடாகப் பழைய தழும்பு. பிறகு பட்டையை அவிழ்த்து இடது கையைத் திருப்பிக் காட்டினேன். உள்ளங்கையில் பிடி பதிந்த இடம் ஆறு வாரம் சும்மா இருந்தும் காய்த்தே கிடந்தது.

சத்தம் கேட்டு டீச்சரம்மா வந்தார். முதலில் என்னைச் சமாதானப்படுத்தத்தான் வாயைத் திறந்தார். கையைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அப்புறம் ஒரு காரியம் செய்தார், அதற்காக மட்டும் அவரை எனக்குப் பிடிக்கும். என்னைக் கேட்கவில்லை, ஃபாரத்தைக் கேட்கவில்லை. சின்னவளைக் கேட்டார்.

"நீங்க ஃபேக்டரியில எப்படித் தேய்ப்பீங்க? சும்மா செஞ்சு காட்டுங்களேன்."

சின்னவள் காற்றில் சட்டையை விரித்தாள். வலது கை முன்னால் போய்த் துணியைத் தடவி இழுத்துப் பிடித்தது. அதன் பின்னாலேயே அந்தச் செத்த இடது கை, தோளோடு சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. விரல் எதையோ பிடிக்கிற மாதிரி வளைந்தது. வலது கால் பாதம் தரையில் இல்லாத மிதிகட்டையை மிதித்தது. மேசையின் அடியில் காற்றை இழுத்துத் துணியைப் படிய வைக்கிற மிதிகட்டை அது. ஆறு வாரமாக அசையாது என்று விட்டுவைத்திருந்த விரல்கள் அசைந்ததை அந்த வார்டில் எல்லோரும் பார்த்தார்கள்.

"இந்தக் காகிதத்துல நானும் கையெழுத்து போட்டிருக்கேன்" என்றார் டீச்சரம்மா.

"போன ஆறு வாரத்துக்கு என்ன பதில் சொல்றீங்க?"

"பதில் இல்லைம்மா."

பொய் சொல்லவில்லை, அந்த மட்டும் சரி. ஆனால் பதில் இல்லை என்பது எனக்கு எந்த மூலைக்குக் காணும்?

ரிப்போர்ட்டைக் கிழித்தார். அன்றைக்கே இடது கைக்குப் பயிற்சி ஆரம்பமானது. முதலில் கைக்கு அடியில் துண்டை வைத்து மேசையைத் துடைப்பது. முன்னால், பின்னால், முன்னால், பின்னால். பிறகு காலித் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தள்ளுவது. பிறகு கால் பாட்டில் தண்ணீர், அரை பாட்டில். பிறகு சூடில்லாத இஸ்திரிப் பெட்டி, பிடியில் பஞ்சு சுற்றிப் பருமனாக்கி. கண்ணாடிக்காரப் பெண் தினமும் மற்றவர்களுக்கு முன்னால் வந்து நிற்பாள். நான் அவளோடு பேசமாட்டேன்.

"அக்கா, அந்தப் பொண்ணு பாவம். நீ முறைக்கற முறைப்புல பாட்டில கீழ போடறா."

"பாவம்தான். உன் கையும் பாவம்தான். எனக்கு ஒரு நேரத்துல ஒரு பாவத்தத்தான் பாக்க முடியும்."

பட்டன்காரி பார்க்க வந்தாள். சின்னவள் பெருமையாகப் பஞ்சு சுற்றிய பெட்டியைத் தள்ளிக் காட்டினாள். "என்னடி, பெட்டிக்கு ஸ்வெட்டர் போட்டு விட்டிருக்க?" என்று கேட்டு அவள் சிரித்தாள், அப்புறம் வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். இருபது வருஷமாகப் பக்கத்து மேசை. சின்னவள் இடதுகைக்காரி என்று அவளிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். அவள் வாரா வாரம் வந்து வார்டு வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போனவள்தான். யாரும் கேட்கவில்லை.

ஃபேக்டரி சொன்ன கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது, வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று டீச்சரம்மா இந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஃபேக்டரிக்கு வந்தார். நானும் போனேன். டேப் வைத்து மேசை உயரம் அளந்தாள், மிதிகட்டையை அளந்தாள். நிமிர்ந்தபோது மேலே அந்தக் கயிறு கண்ணில் பட்டது. வரிசையில் பதினொரு குழாய் வலப்பக்கம் தொங்க, ஒன்று மட்டும் இடப்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தது. நீராவி பட்டுப் பட்டு கயிறு கன்னங்கரேலென்று இருந்தது. அந்தப் பெண் டேப்பைச் சுருட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தூசி என்றாள். நீராவி அடிக்கிற இடத்தில் தூசி ஏது?

கெடுவின் கடைசி நாள், ஃபேக்டரிப் பெட்டியின் பிடியிலும் பஞ்சு சுற்றி, சின்னவளைத் தேய்க்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் பதினொரு சட்டை. காலரில் சுருக்கம் இல்லை. ஆனால் பதினொன்றாவது சட்டையில் விரல் திறக்க மறுத்தது. வலது கையால் ஒவ்வொரு விரலாகப் பிடியிலிருந்து பிரித்து எடுத்தாள். சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"முழுச் சட்டை முடியாதும்மா. காலரும் கஃப்பும் மட்டும், அரை நாளைக்கு. கடைசி மேசை வேற ஆளுக்கு. சம்மதமா?"

"எந்த மேசையானாலும் குழாய இடது பக்கம் கட்ட விட்டா சம்மதம்" என்றாள் சின்னவள்.

அறை அவளுக்கு இருக்கிறது. அரை வேலை இருக்கிறது. கடைசி மேசை இல்லை. முதல் நாளிலிருந்தே இடது கையைப் பழக்கியிருந்தால் அந்த மேசை கிடைத்திருக்குமா என்று டீச்சரம்மாவைக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். கிடைத்திருக்கும் என்று சொன்னால் சண்டை போடுவேன். கிடைத்திருக்காது என்று சொன்னால் விட்டுத் தொலைப்பேன். சொல்ல முடியாது என்றால் நான் என்ன செய்ய? அதனால்தான் இந்தக் கோபம் தணியாமல் அப்படியே கிடக்கிறது. படிக்கிற பிள்ளைகளே, எலும்பு பேர் நரம்பு பேர் எல்லாம் படியுங்கள். படித்துவிட்டு வந்து எங்களிடம் எழுதுகிற கையைக் கேட்காதீர்கள்.

திரும்ப வேலைக்குச் சேர்ந்த காலை நான் அவளோடு வாசல் வரை போனேன். டைம்கீப்பர் பதிவேட்டை நகர்த்தினார். சின்னவள் பேனாவை வலது கையில் எடுத்து, பெயரைப் போட்டாள். அதே நாலு எழுத்து. ஒரு கோணல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை.

"உங்க கையெழுத்து அப்படியே இருக்கும்மா, ஒண்ணுமே ஆகலை!" என்றார் அவர், சந்தோஷமாக.

நான் அவரை என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இந்தப் பெண் எழுத மாட்டாளாம். சின்னவள் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கதவு இடுக்கில் பார்த்தேன், பஞ்சு சுற்றிய பெட்டியை எடுக்க இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.